ஸ்மார்ட் போர்டுக்கு வைத்த சந்தனம்

என்னை அவமானப்படுத்தியவர்களை நான் மறப்பதில்லை. "விட்டுத் தள்ளும்மா, பெரிசு பண்ணாத" என்று புத்தி சொல்ல வருகிறவர்களையும் மறப்பதில்லை. தள்ளிவிட்டுப் போக அவமானம் என்ன வாசலில் கிடக்கிற குப்பையா? பட்டவளுக்குத்தான் தெரியும். அதனால் இதைப் படிக்கிறவர்கள், கடைசியில் நான் மனம் திருந்தி அழுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காஞ்சிபுரத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சாக்பீஸும் கரும்பலகையும் தொண்டையும் இருந்தால் எந்தக் கணக்கையும் எந்தப் பிள்ளையின் மண்டையிலும் ஏற்றிவிடலாம் என்று நம்பியவள், ஏற்றியும் காட்டியவள். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த வருஷம் மாறுதலில் இன்னொரு கணக்கு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். என்னைவிட ரொம்ப இளையவர். வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ், கையில் எந்நேரமும் போன். அவர் வந்த வாரத்திலேயே ஹெச்.எம். மேடம் போர்டு மாட்டிய அறையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டார். பிள்ளைகள் அவரை லேப் சார் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவர் பெயரை எழுதி என் பேனா மையை வீணாக்க மாட்டேன்.

ஒரு சாயங்காலம் ஆசிரியர்கள் எல்லோரையும் அந்த அறையில் உட்காரவைத்து லேப் சார் எங்களுக்கே வகுப்பு எடுத்தார். பெரிய டி.வி. மாதிரி சுவரை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் போர்டு. விரலால் தொட்டால் எழுதும், விரலால் தள்ளினால் பக்கம் மாறும். எல்லாம் காட்டி முடித்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்து, சரியாக என் மேல் கண்ணை நிறுத்தினார்.

"டீச்சர், நீங்க வாங்களேன். ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க."

"எனக்கு இன்னும் பழக்கமில்ல சார். வேற யாரையாவது கூப்பிடுங்க."

"அட, சும்மா வாங்க டீச்சர். அது கடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். போனேன். எழுத ஆரம்பித்தால், நான் எழுதாத கோடுகளும் கூடவே வந்து விழுந்தன. குனிந்தால் ஒரு கோடு, நிமிர்ந்தால் ஒரு கோடு. பதறிப்போய், பழக்கதோஷம் பாருங்கள், கையில் இருந்த கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் தடிமனாகக் கறுப்புக் கோடு. இன்னும் அழுத்தித் துடைத்தேன். இன்னும் கறுத்தது. பின்னால் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. திரும்பினால், லேப் சார் போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குப் போய்க் கால் கழுவுவதற்குள் அந்த வீடியோ வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கிற குரூப்புக்குப் போய்விட்டது. 'சீனியர் டீச்சர் ஸ்மார்ட் போர்டு கழுவும் காட்சி' என்று தலைப்பு வேறு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் கீழே வரிசையாக. மாகறல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்யும் என் சித்தி மகள் போன் போட்டு, "இன்னாக்கா, போர்ட கழுவி வுட்டியாமே, சோப்பு போட்டியா?" என்றாள். என் வீட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. இந்த ஆளை என்றைக்காவது ஒரு நாள், இதே போர்டு எதிரில், இதைவிடப் பெரிய கூட்டத்தில், விழி பிதுங்க நிற்கவைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஹெச்.எம். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், லீவு முடிஞ்சதும் பத்தாம் வகுப்ப அவருக்குக் குடுத்துடலாம்னு இருக்கறேன். எல்லாப் பாடமும் போர்டுல நடத்தணும்னு மேலேர்ந்து சொல்லிக்கினே இருக்கறாங்க. நீங்க ஆறாம் வகுப்ப எடுத்துக்குங்க. உங்களுக்கும் ரெஸ்டா இருக்கும்."

அந்தப் பத்தாம் வகுப்பு என் வகுப்பு. எட்டாம் வகுப்பில் பின்னம் கூட்டத் தெரியாமல் வந்த கூட்டம் அது. மூன்று வருஷமாகத் திட்டி, கெஞ்சி, சனிக்கிழமைகளில் உட்காரவைத்து ஆளாக்கி இருக்கிறேன். பொதுத் தேர்வுக்கு அரை வருஷம் இருக்கும்போது பிடுங்கி, என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்தவன் கையில் கொடுப்பதா?

"போர்டுல நடத்தணும், அவ்வளவுதானே? நான் நடத்தறேன் மேடம்" என்றேன்.

ஹெச்.எம். என்னைப் பாவமாகப் பார்த்தார். அவரும் வீடியோ பார்த்தவர்தான். நான் நகர்வதாகத் தெரியவில்லை என்றதும் ஒரு வழி சொன்னார். லீவு முடிந்து திறந்ததும் கல்வி அதிகாரி ஒருவர் போர்டில் நடக்கும் பாடத்தைப் பார்க்க வருகிறார். பத்தாம் வகுப்பை வைத்து ஆளுக்கு அரை பீரியட் நடத்துவது, யார் பாடம் நன்றாக இருக்கிறதென்று அதிகாரி சொல்கிறாரோ அவருக்கு அந்த வகுப்பு. சரி என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான், போர்டை எந்தப் பக்கத்தில் ஆன் செய்வது என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

யாரிடம் கற்றுக்கொள்வது? பள்ளியில் யாரைக் கேட்டாலும் லேப் சார் காதுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்து நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள் ஒருத்திதான். என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். ஆனால் அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. என் மகள் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் எதிரிலும், நான் கட்டியிருந்த புடவை ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது அசல் இல்ல அண்ணி, உங்கள நல்லா ஏமாத்திக்கினு இருக்கறாங்க" என்று சொன்னவள் அவள். காஞ்சிபுரத்துக்காரியைப் பார்த்து, அதுவும் சம்பந்தி எதிரில், சொல்கிற வார்த்தையா அது? அன்றிலிருந்து அவள் வாசல்படி மிதிப்பதில்லை என்று இருந்தேன். இப்போது ஒரு எதிரியைக் கவிழ்க்க இன்னொரு எதிரி வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. போனேன். எனக்கு யார் மேல் கோபம் அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

கதவைத் திறந்தவள், இத்தனை நாள் பேசாமல் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க அண்ணி. அந்த வீடியோவ நானும் பாத்தேன்" என்றாள்.

"சிரிச்சியா?"

"சிரிச்சேன். பின்ன அழுவாங்களா? காபி போடட்டுமா?"

"காபி எல்லாம் வேணாம். அந்தாளு கண்ணுல விரல வுட்டு ஆட்டணும். அதுக்கு நான் இந்தச் சனியன கத்துக்கணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜரிகை விஷயத்தில் நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியைப் போட்டதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் நாளே அந்த வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். "இங்க பாருங்க அண்ணி. நீங்க குனியறப்ப உங்க முந்தானை போர்டு ஓரத்துல படுது. அந்தச் சட்டத்துக்கு உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கினு இருக்குது. எது மறைச்சாலும் விரலுன்னு நெனச்சுக்கும். அதுக்கு விரலும் தெரியாது, முந்தானையும் தெரியாது, உங்க கர்சீப்பும் தெரியாது." அட, இவ்வளவுதானா! இதை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷர். சொன்னால் அப்புறம் வீடியோ ஏது?

அதன் பிறகு பள்ளி விட்டதும் நேராகப் பிள்ளையார்பாளையம்தான். மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். "ஏன் அண்ணி அத கழுத்த நெரிக்கற மாதிரி புடிக்கறீங்க?" என்பாள். "அவன் கழுத்துன்னு நெனச்சுக்கினேன்" என்பேன். தப்பாக எதையாவது அமுக்கிவிட்டு நான் நடுங்கினால், "ஒண்ணும் ஆவாது, ஒரு படி பின்னால போங்க" என்று ஒரு பட்டனைத் தட்டுவாள். போட்ட தப்பு போன இடம் தெரியாது. கரும்பலகையில் இப்படி ஒரு வசதி இருந்ததே இல்லை. புடவை டிசைன் போடும் அவள் வேலைக்கும் என் பாடத்துக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் கம்ப்யூட்டர் மேல் இருந்த பயம் அவள் வீட்டில்தான் எனக்கு விட்டுப்போயிற்று. கத்துவாள். நானும் பதிலுக்குக் கத்துவேன். அடுப்படியிலிருந்து அவள் மாமியார், "பேசாம இருந்ததே தேவல" என்பார்.

பாடத்தை நானேதான் தயார் செய்தேன். இருபடிச் சமன்பாட்டின் வரைபடம். அதில் வருகிற வளைகோட்டை வருஷா வருஷம் கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைத்து இழுப்பேன். ஒன்று வரைவதற்குள் பீரியட் பாதி போய்விடும். நாத்தனார் மடிக்கணினியில் வரைபடம் போடுகிற ஒரு புரோகிராமை இறக்கிக் கொடுத்தாள். ஒரு எண்ணை மாற்றினேன். கோடு அகலமாக விரிந்தது. இன்னும் மாற்றினேன். ஒடுங்கியது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன். அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் எந்தக் கோட்டைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அந்தக் கோடு என் விரல் சொன்னபடி ஆடியது. கொஞ்ச நேரம் பழி எல்லாம் மறந்துபோயிற்று. பிறகு லேப் சார் மூஞ்சி ஞாபகம் வந்தது, வேலையைத் தொடர்ந்தேன்.

லீவு விடுகிற நாளன்று பள்ளியில் ஆயுத பூஜை. எங்கள் ஊரில் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் படாத சாமான் கிடையாது. தறி, தராசு, ஆட்டோ, மாவு மிஷின், எல்லாவற்றுக்கும் பொட்டு. போர்டு அறைக்கும் வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் படைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். லேப் சார் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சந்தனக் கிண்ணத்தைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு, மவுஸுக்கு, ஸ்பீக்கருக்கு எல்லாம் வைத்துவிட்டு, போர்டின் நாலு பக்கச் சட்டத்துக்கும் கெட்டியாகக் குழைத்துக் கொழுக்கட்டை மாதிரி அப்பினார். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து குரூப்பிலும் போட்டார். அவர் பக்தியை நான் குறை சொல்லவில்லை.

லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, மறுநாள் அதிகாரி வருகிறார் என்பதால், பிரேயருக்கு ரொம்ப முன்பாகவே போய் ஆயாம்மாவைப் போர்டு அறையைத் திறக்கச் சொன்னேன். ஒருமுறை நடத்திப் பார்த்துவிடலாம் என்று. போர்டை ஆன் செய்தேன். நான் தொடவே இல்லை, அது பாட்டுக்கு எழுத ஆரம்பித்தது. பக்கம் மாறியது, படம் பெரிதானது, மூலையில் ஒரு சிவப்புக் கோடு தானாக நீண்டது. யாரையாவது கூப்பிடலாமா என்று வாசல் வரை ஓடியவள், சட்டென்று நின்றேன். எது மறைத்தாலும் விரல் என்று நினைத்துக்கொள்ளும்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கீழ்ச் சட்டத்தில் வைத்த சந்தனம் பரவி உள்விளிம்பில் ஏறி, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்த ஒரு இடத்தைத் துடைத்தேன். போர்டு சாதுவாகிவிட்டது. என் பாடத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு பிசகில்லாமல் நடத்திப் பார்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சுத்தமான சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜைச் சாமான்கள் இன்னும் அலமாரியில்தான் இருந்தன. சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். காய்ந்துபோனதில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அதே இடத்தில், உள்விளிம்பில் படுகிற மாதிரி, அழகாக ஒரு பொட்டு வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். யாராவது கேட்டால், பூஜைப் பொட்டு அழிந்திருந்தது, மறுபடி வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சாமி காரியத்தை யார் குறை சொல்ல முடியும்? அதிகாரி வருவதற்காக அறையைப் பெருக்கிப் பூட்டிவைத்ததால் அன்றைக்குப் போர்டை வேறு யாரும் தொடவில்லை. அன்று முழுக்க என் உடம்பில் இருபது வயசு குறைந்தாற்போல் இருந்தது. லேப் சாரைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன். அவருக்கே ஆச்சரியம்.

மறுநாள் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. ஹெச்.எம்., மற்ற ஆசிரியர்கள், பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சுவரோரம் நாற்காலிகளில். நடுவில் என் பத்தாம் வகுப்பு. லேப் சார் வாசலில் வரவேற்பு, சால்வை என்று ஓடிக்கொண்டிருந்ததில் போர்டைத் தொட்டே பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு என்ன?

"சீனியாரிட்டிப்படி நீங்க முதல்ல டீச்சர்" என்றார் என்னிடம்.

"ஐயோ, நீங்கதானே எக்ஸ்பர்ட்டு. நீங்க நடத்துங்க, நான் பாத்துக் கத்துக்கறேன்" என்றேன்.

லேப் சார் போர்டை ஆன் செய்தார். 'வருக வருக' என்று பூப்போட்ட பக்கம் வந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு சர்ரென்று ஓடியது. லேப் சார் சிரித்தபடி அதை அழித்தார். அழித்த விரலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. பக்கத்தைத் தள்ளினார், மூன்று பக்கம் தாண்டிப் போனது. திரும்ப இழுத்தார், முதல் பக்கத்துக்கே வந்தது. முக்கோணம் வரைய விரலை வைத்தால் மூலையிலிருந்து கோடு அவர் விரலைத் தேடிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். அவர் கழுத்து வேர்த்தது. வேர்த்து வழிந்து காலர் நனைவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகப் பார்த்தேன். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் போர்டைத் துடைத்தார்! எனக்குக் கிடைத்த பொங்கலும் தீபாவளியும் அதுதான். சித்தி மகள் அங்கே இல்லையே என்று இருந்தது.

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். அதைப் பார்த்ததும் லேப் சாருக்கு வெறி வந்துவிட்டது.

"காலைல ரூம்ல பெஞ்ச் போட வந்தது யாரு? நீதானே?" முதல் பெஞ்சிலிருந்த பெண்ணைப் பார்த்து விரலை நீட்டினார். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வகுப்பில் நான் குறி மாற்றிப் போட்டால் முதலில் குரல் கொடுக்கிறவள் அவள்தான். "இன்னாத்த நோண்டி வச்ச?"

"நான் எதையும் தொடல சார்."

"பொய் சொல்லாத! லீவு விடற வரைக்கும் நல்லா இருந்துது. நீ உள்ள வந்த, கெட்டுப்போச்சு."

"அம்மா சத்தியமா தொடல சார்" என்றாள். அவ்வளவு பேர் எதிரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

என் கணக்கில் இந்தப் பெண் இல்லை. அவர் மாட்டவேண்டும், அவர் முழிக்கவேண்டும், அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை. லேப் சாரின் அரை பீரியட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முழுசாக முடியட்டும் என்று ஒரு ஆசை என்னை நாற்காலியில் பிடித்து உட்காரவைத்தது. ஹெச்.எம். எழுந்து, "நாளைக்கு உங்கப்பாவ கூட்டிக்கினு வா. வராம கிளாசுக்குள்ள கால் வைக்காத" என்றார். அந்தப் பெண் பையை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் எழுந்தேன்.

பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்தேன். நேராகப் போய்க் கீழ்ச் சட்டத்தின் உள்விளிம்பைத் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் கைக்குட்டையில் வந்தது. போர்டு அடங்கியது. விரலால் ஒரு கோடு போட்டேன். ஒரே ஒரு கோடுதான் விழுந்தது.

"பிள்ளைய ஏன் சார் அழவைக்கறீங்க? இது ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு. சட்டத்துல சந்தனம் மறைச்சா போர்டு அத விரலுன்னு நெனச்சுக்கும். நீங்களே அப்பிட்டு, போட்டோ எடுத்து குரூப்ல போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தேனாக இருந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றியது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் இதைத் திட்டம் போட்டுச் செய்தேன் என்பது லேப் சாருக்குத் தெரியவேண்டும் என்று இருந்தது எனக்கு. தெரியாவிட்டால் அப்புறம் அது என்ன பழி?

"நேத்தே தெரியும் மேடம்" என்றேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, பாடத்த நடத்துங்க" என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடத்தினேன். எண் மாற மாற வளைகோடு விரிந்தது, ஒடுங்கியது, கவிழ்ந்தது. பிள்ளைகள் எழுந்து வந்து தாங்களே எண்ணை மாற்றிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து வரவில்லை. போகும்போது அதிகாரி என் அருகில் நின்றார். "பாடம் பிரமாதம் டீச்சர். ஆனா உங்கள யாரும் பகைச்சுக்கக் கூடாது" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு என் கைக்கு வந்தது. போர்டு அறைச் சாவியையும் ஹெச்.எம். என்னிடமே கொடுத்துவிட்டார். ஆறாம் வகுப்புக்குப் படம் காட்ட வேண்டுமென்றால் லேப் சார் என் மேஜைக்கு வந்து நிற்கவேண்டும். "டீச்சர், சாவி" என்பார். "என்னா சார்? காதுல விழல" என்பேன். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அது எனக்கு முதல் தடவை மாதிரியே இனித்தது. அதற்கு மேல், என் பாடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஹெச்.எம். அவரை என் வகுப்புக்கே அனுப்பினார். கடைசி பெஞ்சில், முட்டி இடிக்க, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒரு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் கணக்கு. போர்டில் விரலால் எழுதினேன். கடைசி பெஞ்சுக்குத் தெரியவேண்டும் என்று பெரிது பெரிதாக, அலட்டலாகத்தான் எழுதினேன். காரணிப்படுத்தி, ரெண்டு மூலங்களையும் கண்டுபிடித்து, கீழே கோடும் போட்டேன். "இப்ப பாருங்க, நம்ம விடை சரியான்னு போர்டே சொல்லும்" என்று ஒரு பையனைக் கூப்பிட்டு, புத்தகத்தில் உள்ள சமன்பாட்டை அடிக்கச் சொல்லி வரைபடத்தைப் போட்டேன். வளைகோடு வந்தது. மூன்றிலும் கழித்தல் இரண்டிலும் அச்சை வெட்டவேண்டியது, இரண்டிலும் கழித்தல் மூன்றிலும் வெட்டியது. நான் எழுதியது ஒரு பக்கம், போர்டு காட்டுவது எதிர்ப்பக்கம். அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வெளிச்சமாக.

கடைசி பெஞ்சில் லேப் சார் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"எங்க தப்பு? யார் சொல்றீங்க?" என்றேன்.

முசரவாக்கத்துப் பெண் எழுந்தாள். அதிகாரி வந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "முதல் வரியிலயே மிஸ். ப்ளஸ் போடற எடத்துல மைனஸ் போட்டுட்டீங்க."

"எப்பப் பாத்த?"

"நீங்க எழுதறப்பவே பாத்துட்டேன்."

"பின்ன ஏண்டி சொல்லல? போர்டு முழுக்க எழுதி முடிக்கற வரைக்கும் பாத்துக்கினு உக்காந்து இருந்தியா?"

அவள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு அவங்க எல்லாரும் என்னைத் திட்டறப்ப, நீங்க எவ்ளோ நேரம் பாத்துக்கினு உக்காந்து இருந்தீங்க மிஸ்?"

லேப் சார் தலையைத் தூக்கிவிட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, நிறையவே வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதே நாள் வரைக்கும் காத்திருந்து இதையேதான் செய்திருப்பேன் என்பதும் தெரிந்தது. அவள் கேட்டதற்குப் பதிலும் எனக்குத் தெரியும்.

"உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை.